புகை அறிவிப்பானைச் சோதிப்பது யார் பொறுப்பு?

ஹைதராபாத் நகரில், சார்மினாருக்கு மிக அண்மையிலுள்ள குல்ஜார் ஹவுஸ் என்னும் இடத்தில், 2025ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கட்டடம் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் கடைகள், மேல் மாடிகளில் குடியிருப்பு. மாண்டவர் 17 பேர். அவர்களுள் 8 பேர் குழந்தைகள். தீயணைப்புப் படைக்கு அழைப்பு வந்தது காலை 6 மணி 16 நிமிடத்துக்கு. அருகிலிருந்த மொகல்புரா நிலையத்தின் வண்டி சில நிமிடங்களுக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டது. ஆயினும் மாடிக்குச் செல்ல இருந்தது ஒரே படிக்கட்டு. அதன் அகலம் சுமார் ஒரு மீட்டர். தெருவிலிருந்து அந்தப் படிக்கட்டை அடையும் வழியோ குகை போன்று குறுகியது. படை வந்தபோது அவ்வழி முழுவதும் தீயும் புகையும் நிறைந்திருந்தன. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் நெருப்புத் தீண்டி மாளவில்லை. புகையைச் சுவாசித்தே மாண்டனர். மின்சாரக் கோளாறே தீக்குக் காரணமாக இருக்கலாம் என முதல் விசாரணையில் கருதப்பட்டது.

இத்தகைய விபத்து நேர்ந்ததும் ஊரில் முதலில் எழும் கேள்வி, தீயணைக்கும் வண்டி எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதாகும். கேள்வி நியாயமானதே. ஆனால் குல்ஜார் ஹவுஸில் அக்கேள்விக்கு வேலையில்லை. வண்டி இதைவிட விரைவாக வந்திருக்க முடியாது. அங்கே இழக்கப்பட்ட நிமிடங்கள் அழைப்புக்குப் பிந்தியவை அல்ல, முந்தியவை. கீழே முதற் புகை எழுந்த கணத்துக்கும், மேலே இருந்த ஒருவர் ஆபத்தை அறிந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரம் அது. தீயணைக்கும் படையின் எண்ணிக்கையைப் பெருக்கினாலும், வண்டிகளின் வேகத்தைக் கூட்டினாலும், அந்த இடைவெளி ஒரு விநாடியும் குறைவதில்லை. அதைக் குறைப்பதற்கென்று மனிதன் கண்டுபிடித்துள்ள சாதனம் ஒன்றே. கடைகளில் ஸ்மோக் அலாரம் என்ற பெயரால் விற்கப்படும் புகை அறிவிப்பான் அது. உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ளது. விலையும் ஒரு சாதாரணக் கைப்பேசியின் விலையில் சிறு பகுதிதான்.

ஹைதராபாத்தின் அண்மைக்கால விபத்துக்களை வரிசையாக எடுத்து நோக்கினால் ஒரே வகையான அமைப்பு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி விடியுமுன் போயிகுடாவில் ஒரு பழைய பொருள் கிடங்கு எரிந்தது. மேல் தளத்தில் உறங்கிய பீஹார் மாநிலத் தொழிலாளர் 11 பேர் மாண்டனர். இறங்குவதற்கு அவர்களுக்கு இருந்தது ஒரு சுழற்படி மட்டுமே. அதே ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி இரவு செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கூடம் ஒன்றில் பற்றிய தீயின் புகை, மாடிப்படி வழியே மேலேயிருந்த தங்கும் விடுதியை நிறைத்தது. 8 பேர் மாண்டனர். 2023 நவம்பர் 13ஆம் தேதி நாம்பள்ளிப் பகுதியிலுள்ள பஜார்காட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வைத்திருந்த ரசாயன டிரம்கள் தீப்பற்ற, மேலே குடியிருந்தவர்களில் 9 பேர் உயிரிழந்தனர். தீ கீழே, மனிதர் மேலே, இடையில் படிக்கட்டு. கட்டடத்தில் படிக்கட்டு என்பது மனிதர் இறங்குவதற்காக அமைக்கப்பட்டது. நெருப்புக்கோ அது புகைபோக்கி. காற்று சூடேறினால் மேலெழும் என்ற எளிய பௌதிக விதியே இதற்குக் காரணம்.

புகையால் மரணம் எவ்வாறு நேர்கிறது என்பதைச் சிறிது விளக்குவது அவசியம். ஏனெனில் நெருப்பின் வெம்மையோ நாற்றமோ உறங்குபவரை எழுப்பிவிடும் என்ற தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. போதிய பிராண வாயு இன்றி எரியும் பொருள்கள் கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயுவை வெளியிடுகின்றன. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராண வாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாக இது இணைந்துகொள்கிறது; எனவே சுவாசித்துக்கொண்டிருக்கும்போதே உடல் பிராண வாயுவுக்கு ஏங்கி மயங்குகிறது. உறக்கத்தில் இருப்பவர் மேலும் ஆழ்ந்த உறக்கத்தில் அமிழ்கிறாரே தவிர விழிப்பதில்லை. ஃபோம் மெத்தையும் ஸோபாவும் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும், மின்கம்பிகளின் பி.வி.சி. உறை எரிந்தால் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்துகொள்கின்றன. மனிதனின் மோப்ப சக்தியோ உறக்கத்தில் ஏறக்குறைய முழுவதும் ஓய்ந்துவிடும் புலனாகும். செவி அவ்வாறன்று, உறங்கும்போதும் அது ஓரளவு காவல் காக்கிறது. புகை அறிவிப்பான் செய்யும் உதவி, மூக்கு அறியாததைக் காதுக்கு மாற்றித் தருவதே.

இக்காலத்து வீட்டில் அவகாசம் மிகக் குறைவு என்பதும் கவனிக்கத் தக்கது. அமெரிக்க நாட்டின் தேசிய அளவைகள், தொழில்நுட்ப நிலையம் வீடுகளில் தீமூட்டிச் செய்த சோதனைகளில், கொழுந்துவிட்டு எரியும் தீயிலிருந்து தப்புவதற்கு 1970களின் நடுப்பகுதியில் சராசரியாக 17 நிமிட அவகாசம் கிடைத்தது. 2004இல் வெளியான ஆய்வில் அது சுமார் 3 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. மரக் கட்டிலும் இலவம் பஞ்சு மெத்தையும் இருந்த இடத்தில் ரசாயனப் பொருள்கள் வந்து சேர்ந்தது இதற்கு முக்கிய காரணம். பழைய ஹைதராபாத் வீட்டின் சுண்ணாம்புச் சுவரும் கல் தளமும் மாறாதிருக்கலாம். அதற்குள் உள்ள சாமான்கள் மாறிவிட்டன. ஏர்கண்டிஷனர், இன்வர்ட்டர், ஸ்கூட்டர் பாட்டரி ஆகியவை முப்பது ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான வீடுகளில் இல்லாதவை. அவற்றின் பாரத்தைச் சுமக்கும் கம்பிகளோ பல இடங்களில் அக்காலத்தவையே.

சந்தையில் கிடைக்கும் அறிவிப்பான்கள் இருவகைப்படும். ஒன்றில் ஒரு சிறிய இருட்டறை இருக்கிறது. அதனுள் ஒரு புறம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை வீசும் விளக்கு. அதன் நேர்ப்பாதையில் படாதவாறு கோணலாக ஓர் ஒளியுணர்வி. காற்று தூயதாயின் ஒளி உணர்வியை எட்டாது. புகைத் துகள்கள் நுழைந்தால் ஒளி அவற்றில் மோதிச் சிதறி உணர்வியின்மீது விழும். உடனே சங்கு ஒலிக்கும். மெத்தை, துணி, மின்கம்பி உறை முதலியன கனன்று புகையும்போது எழும் பெருந்துகள்களை இவ்வகை விரைந்து அறிகிறது. மற்றொன்றில் அமெரிஷியம்-241 என்னும் கதிரியக்கத் தனிமம் மிகச் சிறிதளவு, ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக, வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா கதிர்கள் காற்றை அயனியாக்குவதால் இரு தகடுகளுக்கிடையே நுண்ணிய மின்னோட்டம் நிலவுகிறது. புகை நுழைந்ததும் மின்னோட்டம் தளர, கருவி ஒலிக்கிறது. சுடர்விட்டு எரியும் தீயின் நுண்துகள்களை இது முந்தி உணரும். ஆனால் சமையல் புகைக்கும் எளிதில் கூவிவிடும். கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை. ஆல்ஃபா கதிர் சில சென்டிமீட்டர் காற்றைக்கூடக் கடக்க வலிமையற்றது. அணு எரிபொருள் தொகுதியும் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் அமைந்துள்ள ஹைதராபாத் நகர மக்களுக்கு இதனை அதிகம் விளக்கவேண்டியதும் இராது. எனினும் அத்தகைய கருவியைப் பிரித்துப் பார்ப்பதும் குப்பையில் எறிவதும் கூடாது. விற்றவரிடமே திருப்பித் தரவேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள் அது. ஹைதராபாத் வீடுகளில் தீ பெரும்பாலும் மின்கம்பியிலும் மெத்தையிலும் கனன்று தொடங்கக் கூடியதாகையால், ஒளிச்சிதறல் வகையே இங்கு ஏற்றது எனக் கொள்ளலாம்.

இதுவரை கூறியவை கருவியை வாங்குவதற்கு வேண்டிய செய்திகள். ஆனால் வாங்கிப் பொருத்துவதோடு காரியம் முடிந்துவிட்டது என்னும் எண்ணமே இவ்விஷயத்தில் பெரும் இடையூறு. மின்விசிறி நின்றுவிட்டால் அன்றே தெரியும். குழாயில் தண்ணீர் வராவிடில் அந்தக் கணமே தெரியும். புகை அறிவிப்பான் பழுதடைந்தால் எதுவும் தெரிவதில்லை. நலமாக உள்ள கருவியும் மௌனமாகவே இருக்கிறது. செத்த கருவியும் மௌனமாகவே இருக்கிறது. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறிய ஒருவர் கையை உயர்த்திச் சோதிக்க வேண்டும், அல்லது வீடு தீப்பற்ற வேண்டும். உயிரற்ற கருவி கூரையில் இருப்பது, ஒன்றும் இல்லாதிருப்பதைவிடத் தீமை என்றே சொல்லலாம். ஏனெனில் அதை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறார்கள்.

கருவியின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மூன்று முறை கூவிச் சற்று நிறுத்தி, மீண்டும் மூன்று முறை கூவுமாயின் பாட்டரியும் மின்சுற்றும் சங்கும் சரியாக உள்ளன என்று பொருள். அழுத்துபவர் கருவியின் கீழேயே நின்று கேட்பதோடு அமையக் கூடாது. மற்றொருவர் படுக்கையறையில் கதவைச் சாத்தி, விசிறியையும் ஏர்கண்டிஷனரையும் ஓடவிட்டு, ஒலி அங்கே எட்டுகிறதா என்று கேட்க வேண்டும். கருவியின் ஒலி 3 மீட்டர் தொலைவில் 85 டெசிபல் அளவுள்ளதாயினும், சாத்திய கதவு அதில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். மேலும் அவ்வொலி சுமார் 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையது. முதியோருக்கு முதலில் மங்குவது அத்தகைய உயர் ஒலியைக் கேட்கும் திறனே. குழந்தைகளோ நன்றாகக் கேட்கும் செவி உடையவர்களாயினும் எளிதில் விழிப்பதில்லை. 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி உறங்குபவரை நன்கு எழுப்புவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய கருவிகள் இன்னும் விலை மிகுந்தவை. ஆகையால் தாத்தா பாட்டியையும் பிள்ளைகளையும் யார் எழுப்புவது என்பதை மாதச் சோதனையின்போதே வீட்டார் பேசி முடிவு செய்துகொள்வது நலம்.

பொத்தான் காட்டாத குறை ஒன்று உண்டு. புகை நுழையும் துவாரங்கள் அடைபட்டிருந்தால் அச்சோதனையில் அது புலப்படாது. ஹைதராபாத்தில் கட்டட வேலை நடக்காத தெரு அரிது. கல்லுடைப்புத் தூளும் சிமெண்டுத் தூசியும் ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் புகுகின்றன. தாளிப்பின் எண்ணெய் ஆவி அத்தூசியைப் பசைபோல் ஒட்டவைக்கிறது. சிறு பூச்சிகளும் சிலந்தியும் இருட்டறைக்குள் குடிபுகுகின்றன. வெள்ளையடிக்க வருபவர் கூரையோடு சேர்த்துக் கருவிக்கும் ஒரு பூச்சுப் பூசிவிடுவதும் உண்டு. அத்தகைய கருவி பொத்தானை அழுத்தினால் கணீரென ஒலிக்கும், புகை சூழ்ந்தாலோ பேசாதிருக்கும். எனவே சில மாதங்களுக்கு ஒருமுறை தூசி உறிஞ்சும் யந்திரத்தாலோ மெல்லிய தூரிகையாலோ துவாரங்களைத் துடைக்க வேண்டும். தண்ணீரோ சோப்போ படலாகாது. வண்ணம் பூசும் நாளில் கருவியைக் கழற்றி வைத்துப் பின்னர் மறவாமல் மாட்ட வேண்டும். ஊதுவத்திப் புகையைக் காட்டிச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உள்ளது. அதிலுள்ள பிசின் உள்ளே படிந்து கருவியைக் கெடுக்கும். இதற்கெனவே தயாரிக்கப்படும் சோதனைத் தெளிப்பான் உண்டு; அடுக்குமாடிக் கட்டடத்தார் ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

கருவி செயலற்றுப்போவதற்கு முதற் காரணம் பழுது அல்ல, மனிதக் கை. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கருவி இருந்தும் ஒலிக்காத வீட்டுத் தீவிபத்துக்களில் ஐந்தில் இரண்டுக்கு மேற்பட்டவற்றில் பாட்டரி அகற்றப்பட்டோ இணைப்புத் துண்டிக்கப்பட்டோ இருந்தது. ஏறக்குறைய நாலில் ஒன்றில் பாட்டரி தீர்ந்திருந்தது. மிளகாய் தாளிக்கும்போது ஒருமுறை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது ஒருமுறை, கொசுவத்திக்கு ஒருமுறை எனக் காரணமின்றிக் கூவும் கருவியை எந்த இல்லத்தரசியும் பொறுக்கமாட்டார். நாற்காலியின்மேல் ஏறிப் பாட்டரியை உருவிவிடுவார். அந்தப் பாட்டரி பின்னர் பொம்மைக்கோ தொலைக்காட்சி ரிமோட்டுக்கோ போய்ச் சேரும். இதில் குற்றம் அவரிடம் இல்லை; அடுப்பங்கரை வாசலிலும் பூஜை அறைக்கு முன்னும் கருவியைப் பொருத்தியவரிடம்தான் உள்ளது. அடுப்பிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால், கூடத்திலோ படுக்கையறைகளுக்கு முன்னுள்ள நடையிலோ பொருத்தினால் தொல்லை பெரிதும் குறையும். சில விநாடிகளுக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை கீச்சென்று ஒற்றை ஒலி எழுந்தால் அது பாட்டரி தீர்கிறது என்னும் முறையீடு. அதற்குரிய மறுமொழி புதுப் பாட்டரியே. பழையதைக் கழற்றி வைப்பதன்று.

இந்திய வீட்டுக்கே உரிய வேறு இரண்டு சிக்கல்கள் மேல்நாட்டுக் குறிப்பேடுகளில் போதிய இடம் பெறுவதில்லை. ஒன்று கூரை விசிறி. அது புகையைச் சிதறடிப்பதால், விசிறி இறக்கைகளின் முனையிலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர் தள்ளிக் கருவி இருக்க வேண்டும். மற்றொன்று கோடையில் கொதிக்கும் கான்கிரீட் மொட்டைமாடி. அதன் அடியில் தங்கும் வெப்பக் காற்றுப் படலத்தைத் தாண்டித் தொடக்க நிலைப் புகை எழும்ப இயலாமற்போகலாம். அத்தகைய அறைகளில் கூரைக்குக் கீழே 30 சென்டிமீட்டருக்குள் சுவரில் பொருத்துவது மேல்.

இனி, ஹைதராபாத்தின் விபத்துக்கள் கற்பிக்கும் முக்கியச் செய்திக்கு வருவோம். கீழே கடையோ கிடங்கோ இருந்து மேலே மனிதர் உறங்கும் கட்டடத்தில், படுக்கையறைக் கூரையில் மட்டும் கருவி வைப்பதால் பயன் சிறிது. புகை படிக்கட்டு வழியே ஏறி அங்கே எட்டும்போது தப்பும் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். முதல் கருவி இருக்கவேண்டிய இடம் படிக்கட்டின் அடிவாரமும் மின்சார மீட்டர்கள் அடுக்கிய பலகையின் அருகும், பூட்டிய கடையின் உட்புறமும் ஆகும். அங்கே ஒன்று புகையை உணர்ந்தால் மேலே உள்ளவை அனைத்தும் ஒருங்கே ஒலிக்குமாறு கம்பியாலோ ரேடியோ அலையாலோ இணைத்த கருவிகள் இன்று கிடைக்கின்றன. ஆனால் கடை ஒருவருடையது, வீடு மற்றொருவருடையது, படிக்கட்டு எவருடையதும் அன்று. பொதுவான இடத்தில் இருக்கும் கருவியை யார் சோதிப்பது? இக்கேள்விக்கு விடையில்லாத கட்டடத்தில் எத்தனை கருவிகளைப் பொருத்தினாலும் ஓராண்டில் அவை அலங்காரப் பொருளாகிவிடும்.

உயரமான கட்டடங்களுக்குச் சட்டம் உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு நான்காம் பகுதியைத் தீப் பாதுகாப்புக்கே ஒதுக்கியுள்ளது. புகை உணர் அமைப்புக்களைத் தேர்ந்து பொருத்தவும், குறித்த காலங்களில் சோதித்துப் பராமரிக்கவும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2189 விதிமுறை உள்ளது. ஆயினும் பல அடுக்குமாடிகளில் நடப்பது வேறு. கருவிகள் யாவும் கீழே காவலர் அறையிலுள்ள ஒரு பலகையோடு இணைந்துள்ளன. ஒரு கருவி தவறாக ஒலித்தால் காவலர் விசையை அழுத்தி ஒலியை அடக்குகிறார்; அடுத்த தடவை நிரந்தரமாகவே அடக்கிவிடுகிறார். 2023 மார்ச் 16ஆம் தேதி செகந்திராபாத் ஸ்வப்னலோக் கட்டடத்தில் மூச்சடைத்து 6 இளைஞர் மாண்டபோது, தீப்பாதுகாப்புச் சாதனங்கள் இயங்கும் நிலையில் இல்லையென்று அதிகாரிகள் கூறியதாகச் செய்திகள் வெளியாயின. சாதனம் இருந்தது, சோதனை இல்லை. போயிகுடா, குல்ஜார் ஹவுஸ் போன்ற தாழ்ந்த கட்டடங்களையோ உயரத்தை அளவாகக் கொண்ட சட்டம் பெரும்பாலும் எட்டுவதே இல்லை. உயரத்தைவிட, கீழே என்ன இருக்கிறது, மேலே யார் உறங்குகிறார்கள் என்பதை அளவாகக் கொள்வதே அறிவுக்குப் பொருந்தும்.

பிற நாடுகள் இப்பொறுப்பை எவ்வாறு பகிர்ந்துள்ளன என்பது கவனிக்கத் தக்கது. இங்கிலாந்தில் 2015 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் புகை அறிவிப்பானை வைப்பதும், குடிவரும் நாளன்று அது இயங்குவதைச் சோதித்துக் காட்டுவதும் வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. பின்னர் அவ்வப்போது சோதிப்பது குடியிருப்பவர் வேலை. ஜப்பானில் 2004இல் சட்டம் திருத்தப்பட்டு, 2006 ஜூன் முதல் புது வீடுகளிலும், 2011 ஜூன் மாதத்துக்குள் பழைய வீடுகளிலும் கருவி கட்டாயமாயிற்று. பத்தாண்டு கடந்தவற்றை மாற்றுமாறு அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் இப்போது வற்புறுத்தி வருகிறது. அமெரிக்காவில் கடிகார நேரத்தை மாற்றும் நாளில் பாட்டரியையும் மாற்றுக என்னும் பிரசாரம் 1987இல் தொடங்கியது. இந்தியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. அதற்கு ஈடான நாள் இங்கேயும் இல்லாமற்போகவில்லை. ஹைதராபாத் வீடுகளில் மாதந்தோறும் மின்சார ஊழியர் வந்து மீட்டரைப் பார்த்துக் கட்டணச் சீட்டைத் தந்து செல்கிறார். அந்தச் சீட்டு வரும் நாளே பொத்தானை அழுத்தும் நாளாகலாம். வீடு முழுவதும் ஒட்டடை அடித்துக் கழுவும் போகிப் பண்டிகை, கருவியைத் துடைத்துப் பாட்டரி மாற்ற ஏற்ற நாள்; அன்று விடியலில் தெருவெங்கும் புகை சூழ்ந்தாலும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இவை பழக்கத்துக்கு உதவும், பொறுப்புக்குப் போதா. வீட்டுக்கு மேலோ கீழோ வியாபாரம் நடத்த உரிமம் வழங்கும் மாநகராட்சி, படிக்கட்டின் அடியில் இணைக்கப்பட்ட அறிவிப்பானையும், அதனருகே தொங்கும் ஒரு சோதனை அட்டையையும் உரிமத்துக்கு நிபந்தனையாக்கலாம். அட்டையில் சோதித்தவர் பெயர், தேதி, கையொப்பம் இருந்தால் போதும். தொழிலாளரைத் தூங்கவைக்கும் கிடங்குகளில் செலவையும் சோதனையையும் உரிமையாளரே ஏற்க வேண்டும். அன்றாடக் கூலிக்கு வந்த வெளியூர்த் தொழிலாளி தம் தலைமாட்டுக்குக் கருவி வாங்கி வைப்பார் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆய்வாளர்கள் போதவில்லை என்ற ஆட்சேபம் எழும், அது உண்மையே. ஆனால் அட்டை இருக்குமாயின் அதைப் படிக்க ஆய்வாளரே வேண்டுவதில்லை. மாடியில் குடியிருக்கும் பெண்மணி காய்கறிப் பையோடு ஏறிப்போகும்போதே இந்த மாதக் கையொப்பம் இல்லாததைக் கண்டு கேட்கலாம்.

இக்கருவியை அளவுக்கு மீறிப் புகழ்வதும் சரியன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தீவிபத்துக்களால் 7,400க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குடியிருப்புக்களில் இறந்தவர்கள். இவர்களில், அடுப்பிலிருந்து சேலையில் தீப்பற்றி மாண்ட பெண்களுக்குப் புகை அறிவிப்பான் எவ்வித உதவியும் செய்திராது. ஸ்கூட்டர் பாட்டரி வெடிப்பதுபோல் நொடியில் மூளும் தீயிலும் அது தரும் அவகாசம் சொற்பமே. அதற்குரிய பரிகாரம் பாட்டரியைப் படுக்கையறையிலும் படிக்கட்டின் அடியிலும் மின்னேற்றாதிருப்பது. மெதுவாகக் கனன்று, உறங்குவோரைத் தேடி மாடியேறும் புகைக்கு எதிராகவே இக்கருவி வல்லமை உடையது. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, இயங்கும் கருவியுள்ள வீடுகளில் தீவிபத்து ஒன்றுக்கு நேரும் மரண விகிதம், கருவி இல்லாத அல்லது இயங்காத வீடுகளைக் காட்டிலும் பாதிக்கும் குறைவாகும். அக்கணக்கில் இயங்காத கருவி, இல்லாத கருவியோடு ஒரே பத்தியில் வைக்கப்பட்டுள்ளது.

கருவியின் பின்புறத்தில் அது செய்யப்பட்ட தேதி அச்சிடப்பட்டிருக்கும். அத்தேதியிலிருந்து பத்தாண்டு கடந்தால், பொத்தானுக்கு எவ்வளவு உரக்க ஒலித்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். உள்ளிருக்கும் உணர்விக்கும் வயது உண்டு. பத்தாண்டு நீடிக்கும் லித்தியம் பாட்டரி உள்ளேயே மூடி வைக்கப்பட்ட கருவிகளிலும் மாதச் சோதனை தவிர்க்கலாகாது. மேலும், ஹைதராபாத்தில் திருட்டுக்கு அஞ்சிப் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டும் வீடுகள் ஏராளம். மாதந்தோறும் பொத்தானை அழுத்தும் அதே நேரத்தில், அந்தப் பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்து, துருப்பிடித்த பூட்டை ஒருமுறை திறந்து மூடி, சாவியைப் பிள்ளைகளும் எட்டக்கூடிய உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டி வைக்க வேண்டும்.